மலைப் பாவாவின் சஹனில் என் சம்மந்தி

காலை ஐந்தரை, எம்பிலிப்பிட்டிய. சுபஹ் தொழுத கையோடு கடையின் பின்கதவைத் திறந்து, மடித்து வைத்திருந்த பச்சைத் துணியை எடுத்து வேனில் வைத்தேன். ஆறு மீட்டர், நல்ல பருத்தி, மழைக்குச் சாயம் போகாது. ஒவ்வொரு ரபீஉல் ஆகிர் மாதத்திலும் இப்படி ஒரு துணி என் கடையிலிருந்து பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சிக்குப் போகும். அங்கே ஓர் இறைநேசர் அடங்கியிருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தை எங்கள் பக்கத்தில் சியாரம் என்போம். அவர் நினைவாக அங்கு நடக்கும் கந்தூரி விருந்துக்குக் கொடித்துணி எங்கள் வீட்டுடையது. கணவர் இருந்தபோதும் அப்படித்தான், அவர் மௌத்தான பிறகும் அப்படித்தான். இதில் எனக்குப் பெருமை உண்டு. பெருமையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இந்த வருடம் துணியோடு ஒரு சோதனையும் வேனில் ஏற இருந்தது. என் மகள் ருஸ்னாவுக்கு இரத்தினபுரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாணிக்கக்கல் வியாபாரி மஹ்ரூஃப் ஹாஜியாரின் மகன். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது, இரண்டு வீட்டிலும் பேச்சு முடிந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, ஹாஜியார் சியாரம், கந்தூரி, ராத்திபு என்ற கூட்டு ஓதல் எதையும் ஏற்காதவர் என்று. மார்க்கத்தில் இல்லாததை மார்க்கத்துக்குள் கொண்டுவந்தவர்கள் என்பது எங்களைப் போன்றவர்களைப் பற்றி அவர் வாய்விட்டே சொல்லும் பேச்சு.

சொந்தக்காரர்கள் எனக்குப் புத்தி சொல்லக் கிளம்பினார்கள். "ஒரு வருஷம் மலைக்குப் போகாம ஈந்தா என்ன பரீனா? நிக்காஹ் முடியட்டும், பொறகு பாத்துக்கலாம்" என்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதைவிட ருஸ்னாவுக்கு வந்தது. அவள் கணித ஆசிரியை. அடுப்படியில் அவளுக்கும் கோழிக்கும் ஆகாது. ஆனால் பேச்சில் ஒரு புள்ளி விடமாட்டாள். "ஒளிச்சிட்டுக் கட்டுற கலியாணம் எனக்கு வேணாம் உம்மா. நான் வருஷா வருஷம் மலைக்குப் போறவ. அவங்களுக்கு அது தெரியட்டும்" என்றாள்.

தொலைபேசியை எடுத்தேன். "ஹாஜியார், நீங்களே ஒருக்கா வந்து பாருங்க. கண்ணால பாத்துட்டு வேணாம்னா வேணாம்னு செல்லுங்க. கேள்விப்பட்டத வச்சிச் செல்லாதீங்க."

"வாரென்" என்றார். "ஆனா ஒங்கட கந்தூரிச் சோத்துல கை வைக்க மாட்டென். எனக்குள்ளத நான் கட்டிக்கொண்டு வாரென்."

காலை ஏழு, கஹவத்தை. வேன் சாரதி சுனில் தேநீருக்கு நிறுத்தினார். பிளேன்டீ ஐம்பது ரூபாய். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் றப்பர், ஒரு பக்கம் தேயிலை, நடுவில் கருவாட்டு வாசம். அந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாலும் இடம் சொல்லிவிடலாம். ருஸ்னா இந்த முறை வரவில்லை, பரீட்சை மேற்பார்வைக்குப் போட்டுவிட்டார்கள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு ஏதும் தடித்தால் அவள் காதில் விழாதே.

எட்டு மணி, பெல்மதுளைச் சந்தி. ஹாஜியார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றிருந்தார். வெள்ளைச் சேர்ட், வெள்ளைச் சாரன், கக்கத்தில் சுருட்டிய தொழுகைப் பாய், கையில் மூன்றடுக்கு டிபன் கெரியர். ஸலாம் சொல்லி முன்சீட்டில் ஏறி, கெரியரை மடியில் வைத்துக்கொண்டார். விமான நிலையத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பவரைப் போல அதை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பலாங்கொடை அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அந்த இருபத்தைந்திலும் பேசினோம்.

"குர்ஆன் ஈக்கி, ஹதீஸ் ஈக்கி" என்று தொடங்கினார் ஹாஜியார். "அது ரெண்டும் போதாதா? இந்த தரீக்கா, ராத்திபு எல்லாம் எங்கால வந்த?"

"துணி ஈந்தாத்தானே ஹாஜியார் தைக்கேலும்? தொழுக, நோம்பு, சக்காத்து, அது துணி. துணி இல்லாம வெறும் ஊசிய வச்சிக்கொண்டு தரீக்கானு செல்றவன் பொய்க்காரன். ஆனா துணிய மடிச்சி அலுமாரியில வச்சா அது உடுப்பாகுமா?"

"கடைக்கார வாயி" என்றார். ஆனால் சிரித்தார்.

இந்த வழி பழகாத வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சூஃபித்துவம் என்றால் இஸ்லாத்துக்குப் பக்கத்தில் போட்ட தனிக்கடை என்று பலர் எண்ணுகிறார்கள். குர்ஆன் மதரசாவில் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுப்பது மூன்று படி: இஸ்லாம் என்பது உடம்பால் செய்வது, ஈமான் என்பது நம்புவது, இஹ்சான் என்பது அல்லாஹ்வைக் காண்பதைப் போல வணங்குவது, நாம் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்று அறிந்து வணங்குவது. இந்த மூன்றாம் படியில் ஏறப் பழகுவதுதான் சூஃபிகளின் வேலை. காதிரிய்யா, ஷாதுலிய்யா என்று வழிகள் பல இருக்கின்றன. வழி என்பதுதான் தரீக்கா என்ற சொல்லுக்குப் பொருளும். மார்க்கச் சட்டம் எழுதிய பெரிய ஆலிம்களில் பலர் இந்த வழியில் நடந்தவர்கள். வீட்டின் உள்ளறை வீட்டுக்கு வெளியே இருக்க முடியுமா? இதைத்தான் ஹாஜியாரிடமும் கேட்டேன்.

"உள்ளறைனு செல்லிக்கொண்டு அடங்கினவங்கட கப்ருல நெத்திய வைக்கிறாங்களே, அது?"

"அத நானும் கண்டீக்கிறென். எனக்கும் புடிக்காது. எங்கட மலையில அப்படி நடந்தா அந்த எடத்துலயே நீங்க எறங்கிப் போங்க, நானும் ஒங்களோட எறங்குறென்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கல்லை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிற பார்வை. பிறகு பலாங்கொடைக் கடைத்தெருவில் வேனை நிறுத்தச் சொல்லி, அறுபது ரூபாய்ப்படி நாலு தேங்காய் ரொட்டி வாங்கி, ஒன்றைத் தின்று மூன்றைக் காகிதத்தில் சுற்றிச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காலை ஒன்பதரை. பட்டணத்திலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வரை பதினொரு கிலோமீட்டர். வேன் அதற்கு மேல் ஏறாது. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஓட்டோ, அறுநூறு ரூபாய். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைத் தாண்டியதும் கொழுந்து எடுக்காத ஞாயிற்று மலை வெறிச்சென்று பச்சையாகக் கிடந்தது. கீழே பள்ளத்தில் பனி இன்னும் கலையவில்லை. சியாரத்துக் கேட்டுக்கு வெளியே ஓட்டோக்கள் நிற்க ஓர் இடம் இருக்கிறது. அங்கே இறங்கினோம்.

இந்த மலையில் அடங்கியிருப்பவரின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. மலைப் பாவா என்பார்கள். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கி விற்றவராம். யார் வீட்டில் மௌத் விழுந்தாலும், முஸ்லிமா இந்துவா என்று கேட்காமல் மூட்டையை அவிழ்த்து ஒரு கோடித்துணியைக் கொடுத்துவிட்டுப் போவாராம். என்னைப் போல ஒரு துணி வியாபாரி! அந்தக் காரணத்துக்காகவே எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.

பத்து மணிக்குக் கொடி வந்தது. நான் கொண்டுவந்த துணியை லயத்து ஆட்கள்தான் மூங்கிலில் கட்டித் தூக்கி வருவார்கள். அது அவர்களுடைய உரிமை. முன்னால் தப்புப் பறை அடித்துக்கொண்டு நாலு பேர், நடுவில் கொடியோடு முருகையா. முருகையா அந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் துளசி மணி. கந்தூரிக்கு விறகும் மரக்கறியும் அவர் பொறுப்பு.

"இது என்ன, தேரா?" என்றார் ஹாஜியார்.

"தப்பு அடிக்கிறது அவங்கட மரியாத, ஹாஜியார். கேட்டோட நிக்கும், பாருங்க."

நின்றது. கேட்டின் வாசலில் தப்பு ஓய்ந்த அதே மூச்சில் உள்ளேயிருந்து றபான் என்ற கைப்பறையின் சத்தம் எழுந்தது. அந்த இரண்டு சத்தமும் கை மாறுகிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு வருடமும் மயிர்க்கூச்செறியும். இந்த வருடமும் சிலிர்த்தது. கொடி மேலே போய் காற்றுப் பிடித்தபோது, என் துணி என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லியே விட்டேன். "தெரியும்மா, வருஷா வருஷம் சொல்றீங்களே" என்று அவள் சிரித்தாள்.

பிறகு ராத்திபு. சியாரத்தைப் பார்த்துக்கொள்ளும் சுபைர் நானா நடுவில் உட்கார, ஆண்கள் வட்டமாக அமர்ந்தார்கள். அறுபதைத் தொட்ட மனிதர், கந்தூரிச் சமையலுக்கும் அவர்தான் தலைவர், பேச்சில் தேன் தடவத் தெரியாதவர். தார்ப்பாய்க்குக் கீழே பெண்கள் பக்கத்தில் ஓதுவது நான். "லா இலாஹ இல்லல்லாஹ்" மெதுவாகத் தொடங்கி, தோளும் மூச்சும் சேர்ந்து அசைய அசைய ஏறி, ஓர் இடத்தில் தொண்டை மறைந்து சத்தம் மட்டும் இருக்கும். கடைக் கணக்கு, கரண்ட் பில், மகளின் கலியாணம் எல்லாம் எங்கோ கீழே பள்ளத்துக்குப் போய்விடும். கண்ணைத் திறந்தபோது ஹாஜியாரைத் தேடினேன். வட்டத்துக்கு வெளியே ஒரு சவுக்கு மரத்தடியில் தன் பாயில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

துஆவுக்கு எழுந்தபோது அவர் கழுத்தை நீட்டிப் பார்த்ததைக் கண்டேன். யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்க்கிறார்! இந்த மலையில் எல்லோரும் மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்துத்தான் கையேந்துவோம். சியாரம் முதுகுப் பக்கம் இருக்கும். பாவாவிடம் ஒன்றும் கேட்பதில்லை. பாவாவை நேசித்த அல்லாஹ்விடம் கேட்கிறோம். நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

பகல் பன்னிரண்டே கால், லுஹர் தொழுகை. பாங்கு சொல்லி முடிந்ததும் சுபைர் நானா நேராக சவுக்கு மரத்தடிக்குப் போனார். "ஹாஜியார், முன்னால நில்லுங்க."

"நானா? இப்பத்தான் நீங்க ராத்திபு ஓதின. நான் அதுல சேரவும் இல்ல."

"தொழுகைக்கு ஒரு அல்லாஹ், ராத்திபுக்கு ஒரு அல்லாஹ்வா ஈக்கி? நில்லுங்க."

நின்றார். தொழுவித்தார். ஓதல் அழகாக, நிதானமாக இருந்தது. முடிந்து திரும்பியபோது பின்னால் நிறைந்திருந்த வரிசைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவசரப்பட்டுவிட்டேன்.

பகல் ஒரு மணி. சாப்பாடு. எங்கள் கந்தூரியில் தனித்தனிக் கோப்பை கிடையாது. ஒரு பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய் எல்லாம் வைத்து ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து தின்போம். அந்தத் தட்டுக்குச் சஹன் என்று பெயர். நாட்டில் முஸ்லிம்கள் இருக்கும் இடமெல்லாம் சஹன் உண்டு. ஆனால் இந்த மலையில் கூடுதலாக இரண்டு வழக்கம்: ஒவ்வொரு சஹனிலும் லயத்து ஆட்களும் சேர்ந்து உட்கார வேண்டும், ஆறு பேர் நிரம்பாமல் ஒருவரும் கை வைக்கக் கூடாது. பெண்களுக்குத் தனியாகப் பரிமாறினாலும் அதே சட்டம்தான். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் முற்றம் முழுவதும் தெரியும்.

ஆண்கள் பக்கக் கடைசிச் சஹனில் ஐந்து பேர்தான். முருகையாவும் தப்பு அடித்த இன்னொருவரும், சுபைர் நானா, பலாங்கொடைக் கடைக்காரர்கள் இரண்டு பேர். சோறு ஆவி பறக்கிறது, விடியற்காலையிலிருந்து விறகு பிளந்த மனிதர் கையைக் கழுவிவிட்டுக் காத்திருக்கிறார்.

"ஒரு ஆள் கொறையுது!" சுபைர் நானா சத்தம் போட்டார். "ஹாஜியார், வாங்க!"

"நான் கந்தூரிச் சோறு தின்றல்ல."

"தின்னச் செல்லல்ல. குந்தச் செல்றென்."

ஹாஜியார் மரியாதை தெரிந்த மனிதர். பசித்தவர்களைக் காக்க வைக்க அவருக்கு மனம் வரவில்லை. கெரியரைத் தூக்கிக்கொண்டு வந்து முருகையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவர் கெரியரின் கொக்கியைத் தட்டினார். முதல் அடுக்கில் சோறு. இரண்டாவதில் பருப்பு. மூன்றாவதைத் திறந்ததும் மிளகும் கருவாவும் ஊறிய மாட்டிறைச்சி வாசம் முற்றத்தைத் தாண்டி என்னிடம் வந்தது.

யா அல்லாஹ்!

முருகையா சாரனைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்தார்.

"ஏன் எழும்புறீங்க?" என்றார் ஹாஜியார்.

"ஒண்ணுமில்லீங்க ஹாஜியார். நீங்க சாப்பிடுங்க. நாங்க பொறகு வேற எடத்துல குந்திக்கிறோங்க."

கூட இருந்த தப்புக்காரரும் எழுந்தார். ஹாஜியாருக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சுபைர் நானாதான் உடைத்துச் சொன்னார்: "இந்த மலைக்கு மாடு ஏறுறல்ல, ஹாஜியார். அவங்க அது தின்றல்ல. ஒரு சஹன்ல குந்தக்குள்ள அவங்க தின்னாதத நாங்களும் தின்றல்ல. பாவாட காலத்துல ஈந்து அப்படித்தான்."

"எனக்கு ஒருத்தரும் செல்லல்லயே!" அவர் முகம் சிவந்துவிட்டது.

நான் எழுந்து நின்று முற்றத்துக்குக் குறுக்கே சத்தமாகவே சொன்னேன். "நான் தான் செல்லல்ல, ஹாஜியார். செல்லணும்னே தோணல்ல. எங்களுக்கு அது அவ்வளவு பழகிப்போச்சி."

அவர் மூன்று அடுக்கையும் மூடினார். கொக்கியைப் போட்டார். எழுந்து கேட்டைத் தாண்டி ஓட்டோக்கள் நின்ற பக்கம் இறங்கிப் போனார்.

சஹனில் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு... இல்லை, மூன்று பேர். எண்ணிப் பார்க்கவும் எனக்கு அப்போது புத்தி இல்லை. என் மகளின் கலியாணம் ஒரு டிபன் கெரியருக்குள் ஏறி மலையிறங்கிப் போகிறது என்று மட்டும் தெரிந்தது. அழுகை முட்டியது. ஆனால் வெட்கம் வரவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்கிறேன். இந்த மலையின் வழக்கத்துக்காக ஒரு சம்பந்தம் போகுமென்றால் போகட்டும், ருஸ்னாவிடம் நிமிர்ந்தே சொல்வேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கேட்டில் வெள்ளைச் சாரன் தெரிந்தது.

ஹாஜியார் வெறுங்கையோடு வந்தார். நேரே தண்ணீர்ப் பீப்பாய்க்குப் போய், சவர்க்காரம் போட்டு, முழங்கை வரை இரண்டு தரம் கழுவினார். வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, நின்றுகொண்டிருந்த முருகையாவை அண்ணாந்து பார்த்தார். "குந்துங்க தம்பி. கெரியர ஓட்டோவுல வச்சிட்டென். எல்லாருக்கும் பசி."

முருகையா உட்கார்ந்தார். தப்புக்காரரும் உட்கார்ந்தார். ஆறு. சுபைர் நானா பிஸ்மி சொன்னார்.

ஹாஜியார் சேர்ட் பையிலிருந்து காகிதத்தைப் பிரித்து, காலையில் வாங்கிய தேங்காய் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். வெறும் ரொட்டி, அதுவும் காய்ந்தது. முருகையாவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஹாஜியார், இந்தக் கத்திரிக்கா எங்க லயத்துப் பின்னால நான் போட்டதுங்க. தொட்டுக்குங்க."

"பாவாவுக்காகக் குடுத்ததா?"

"ஆளுங்களுக்குங்க. பாவா எங்க சாப்பிடுறாரு?"

பக்கத்துச் சஹன்களெல்லாம் சிரித்தன. ஹாஜியாரும் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ரொட்டியில் கத்தரிக்காயை எடுத்துத் தின்றார். இன்னொரு தரமும் எடுத்தார். நெய்ச்சோற்றையும் ஆட்டிறைச்சியையும் கடைசிவரை தொடவில்லை. ஒருவரும் தொடச் சொல்லவும் இல்லை.

மாலை நாலு மணி. அஸர் தொழுதுவிட்டு மலையிறங்கினோம். திரும்பிப் பார்த்தபோது கொடி மட்டும் மரங்களுக்கு மேலே தெரிந்தது. எம்பிலிப்பிட்டியவில் என் கடைக்கு எல்லா இனத்தவரும் வருகிறார்கள், நல்ல முகத்தோடு பேசுகிறோம், துணியை வெட்டிக் கொடுக்கிறேன், போகிறார்கள். ஆனால் ஒருவர் தின்னாததை நினைத்து இன்னொருவர் தன் வாயைக் கட்டுவது அங்கே எங்கே நடக்கிறது? இந்த மலையில் நடக்கிறது. இஹ்சான் என்று நாங்கள் சொல்லும் மூன்றாம் படி, மனிதர் பக்கம் திரும்பினால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மலைக்குக் கொடித்துணி கொடுப்பவள் நான். பெருமைப்படாமல் என்ன செய்ய?

பலாங்கொடை தாண்டியும் ஹாஜியார் கலியாணப் பேச்சை எடுக்கவில்லை. சுனில் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக ஓட்டினார். பெல்மதுளைக்குக் கிட்ட வந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஹாஜியார், சந்தி வரப்போகுது. ஆமாவோ இல்லயோ, ஒன்ன செல்லுங்க. ஆனா ருஸ்னா வருஷா வருஷம் மலைக்குப் போவா. அத நான் விட்டுத்தர மாட்டென்."

"எனக்குக் கந்தூரி இன்னம் விளங்கல்ல" என்றார். "நாள மறுமையில அல்லாஹ் கேட்டா நீங்க தான் பதில் செல்லணும்."

"செல்றென்."

வேன் நின்றது. இறங்கினார். பாயைக் கக்கத்தில் வைத்தார், கெரியரை எடுத்தார். நாலடி நடந்தவர் திரும்பி வந்து என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"மகள்ட்ட செல்லுங்க. வாற வருஷம் நான் மலைக்குப் போகக்குள்ள எனக்குச் சாப்பாடு கட்டித் தாரது அவட வேல. கோழி போதும்."

ஸலாம் சொல்லிவிட்டு இரத்தினபுரி பஸ்ஸைப் பார்த்து நடந்தார். சுனில் வேனை எடுக்கும் முன்பே நான் தொலைபேசியை எடுத்துவிட்டேன். முதல் மணியிலேயே ருஸ்னா எடுத்தாள். "உம்மா, என்ன செல்ற அவர்?"

"நாளையில ஈந்து கோழிக்கறி ஆக்கப் பழகு மகள்" என்றேன்.